வலது கையை ஊன்றி எழுந்திரு, அக்கா

என் அக்காவின் மாமியாருக்குக் கண்ணே ஸ்கேன். குன்னம் பக்கத்தில் அவர்கள் தெருவில் எந்தப் பெண் மாசமானாலும், வயிற்றை ஒரு பார்வை பார்த்து "பையன்" என்றோ "பொட்ட" என்றோ சொல்லிவிடுவார். சொன்னது பலித்தால் ஊர் முழுக்கத் தெரியும். பலிக்காவிட்டால் அந்தப் பெண் உச்சி வேளையில் புளியமரத்தடியில் நடந்து வந்திருப்பாள், அதில் குழந்தை மாறியிருக்கும். இப்படித் திருத்தும் வாத்தியார் எனக்குக் கிடைத்திருந்தால் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பேன்.

அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டும் பெண். மூன்றாவது உண்டானதும் அந்த மாமியார், எனக்கும் அத்தைதான், தன் திட்டத்தை ஒளிக்காமல் சொன்னார். வீட்டுக் குறிகளெல்லாம் பையன் என்று சொன்னால் நிம்மதி. பெண் என்று சொன்னால் கார் வைத்துக்கொண்டு வேறொரு ஊருக்குப் போக வேண்டும். அங்கே ஒருவன் திருட்டுத்தனமாக மெஷின் வைத்துப் பார்த்துச் சொல்கிறானாம். அவனும் பெண் என்றால் மாத்திரை. மாமா, அதாவது அக்காவின் புருஷன், இதற்கெல்லாம் "அம்மா சொன்னா சரிதான்" என்றார். பெண்டாட்டி வயிற்றைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான்.

அக்காவுக்குத் துணையாக வந்து தங்கியிருந்த நான், போலீசில் சொல்லிவிடுவேன் என்று குதித்தேன். அக்கா என் வாயைப் பொத்தினாள். "சொல்லிட்டு நீ நம்ம வீட்டுக்கு, பாடாலூருக்குப் பஸ் ஏறிடுவ. நானும் ரெண்டு புள்ளைங்களும் எங்கடி போவோம்?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெரம்பலூரில் விலங்கியல் படித்தவள். அறிவால் ஜெயித்துவிடலாம் என்று நம்பினேன். களத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தார்கள். நான் குச்சியை எடுத்து மண்ணில் எக்ஸ், ஒய் என்று போட்டுப் பாடம் நடத்தினேன். பெண்ணிடம் எக்ஸ் மட்டும்தான் இருக்கிறது, பையனுக்கு வேண்டிய ஒய் ஆணிடமிருந்துதான் வர வேண்டும் என்றேன்.

அத்தை அரிவாளை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அப்ப எம் மவன்தான் பொட்டப் புள்ளயா குடுக்குறாங்கிறியா?"

"ஆமாங்கத்த."

"ஏம்மா படிச்சவளே, உங்கப்பன் ரெண்டு பொட்டயப் பெத்தானே, அவன் கிட்டப் போயி இந்தக் கோட்டப் போடு."

களமே சிரித்தது. அன்று சாயங்காலம் அத்தை அக்காவோடு பேச்சை நிறுத்தினார். அடுத்த வாரத்துக்குக் காரும் சொல்லியாகிவிட்டது. என் விலங்கியலால் ஆன பலன் அது.

சரி, உங்கள் பாடத்திலேயே பாஸ் ஆகிறோம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். களத்துப் பெண்களிடம் போய் ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டுக் கேட்டுப் படித்தேன். இனிப்புக் கேட்டால் பையன் என்றாள் ஒருத்தி. இல்லவே இல்லை, புளிப்புத்தான் என்றாள் பக்கத்திலிருந்தவள். இருவரும் ஆளுக்கு நான்கு பெண் பெற்றவர்கள். முகம் கறுத்தால் பையன், பொலிந்தால் பெண். பின்னாலிருந்து கூப்பிட்டால் வலப்பக்கம் திரும்ப வேண்டும். முக்கியமாக, தரையிலிருந்து எழும்போது வலது கையை ஊன்ற வேண்டும்.

அங்கேதான் சிக்கல். அக்கா பிறவியிலேயே இடதுகைக்காரி. வயிற்றில் யானைக்குட்டி இருந்தாலும் இடது கையைத்தான் ஊன்றுவாள். இரண்டு பிரசவத்திலும் அத்தையின் கணிப்பு பலித்த ரகசியம் இவ்வளவுதான்.

கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி நடந்தது.

"வலது கைய ஊனி எழுந்திரு, அக்கா."

"வரலடி, சாஞ்சிருவேன் போலருக்கு."

"சாஞ்சாலும் வலது பக்கமே சாயி."

அக்காவுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மறுநாளிலிருந்து முகத்துக்குப் பவுடர் இல்லை, மஞ்சள் இல்லை. கரிச்சட்டி தேய்த்த கையால் அவ்வப்போது கன்னத்தைத் தடவிக்கொண்டாள். களத்தில் நான் பின்னாலிருந்து "அக்கா!" என்பேன். அவள் வண்டி மாடு மாதிரி வலப்பக்கமாகத் திரும்புவாள். தாள் அரிகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அத்தை மறுபடி பேச ஆரம்பித்தார். மூன்றாம் நாள் அக்காவுக்கு முட்டை வந்தது.

நடிக்க முடியாத குறி ஒன்று பாக்கி இருந்தது. இதற்கு முந்திப் பிறந்த குழந்தையின் பிடரி. அங்கே முடி கூராக இறங்கியிருந்தால் அடுத்தது பையன். வெட்டிவிட்டதுபோல் நேராக நின்றால் பெண். அக்காவின் சின்ன மகளுக்கு அளவுகோல் வைத்து வெட்டியதுபோல் நேராக நின்றது. அத்தை அவளை மடியில் போட்டுப் பின்னலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. இது ஒண்ணுதான் உறுத்துது. எதுக்கும் போயி பாத்துட்டே வந்துருவோம்."

அக்காவின் முகம் நிஜமாகவே கறுத்தது. அப்போது வாயில் வந்ததைச் சொன்னேன். "அத்த, பையன் பொறக்கணும்னு அக்கா குலசாமிக்கு வேண்டியிருக்கு. சின்னவளுக்கு மொட்ட போடுறதா. நாளன்னிக்கே நாளு நல்லாருக்காம்."

பையனுக்கான வேண்டுதல். அதைத் தடுக்க அத்தைக்கு நாக்கு எழுமா? தானே முன்னால் நின்று மொட்டை போட வைத்தார். நாவிதர் பிடரி வரை வழித்துச் சந்தனம் பூசியதும், வாசிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வேண்டுதல் கேட்டுத்தான் மருமகளுக்கு வலது கை பலம் வந்திருக்கிறது என்று அத்தை தானாகவே முடிவுக்கு வந்தார். திரும்பி வந்ததும் மாமாவிடம், "காரு வேணாம்னு சொல்லிருடா. பையன்தான். எதுக்குத் தண்டச் செலவு?" என்றார். மாமா சரி என்றார்.

அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பெண் பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல்.

மறுநாள் அத்தை வந்து துணியை விலக்கிப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து யோசித்தார். தன் கணக்கில் பிழை இருக்கும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

"உள்ள இருந்தவரைக்கும் பையன்தான்" என்றார். "வெளிய எடுக்கறப்ப ஆரோட தீட்டோ பட்டு மாறிருச்சு."

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் இதைக் கேட்டுப் போர்வைக்குள் சிரித்தாள்.

"போவுது வுடு. அடுத்த தடவ நான் கூடவே இருந்து பாத்துக்கறேன்."

அக்கா சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"அடுத்த தடவ இல்லைங்கத்த. காலையிலயே ஆபரேசன் பண்ணிக்கிட்டேன்."

"ஆரக் கேட்டு?"

"நர்சம்மா என்னியத்தான் கேட்டாங்க. சரின்னேன்."

அத்தை வாசல் பக்கம் திரும்பி மகனைத் தேடினார். மாமா டீ வாங்கப் போயிருந்தார். வந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

"கொழந்தய வாங்குங்கத்த" என்றாள் அக்கா. "தையல் வலிக்குது, நான் செத்த படுக்கணும்."

வாங்கினார். வேறு என்ன செய்வார்?