நனையக் கூடாத கூரை

கார் வாங்கிய பிறகும் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொரை குதிரைவண்டியை விடவில்லை. நுவரெலியா சீசனுக்குத் தொரைசானியை அதில் உட்கார வைத்து ஊருக்குக் காட்ட வேண்டுமே! அந்த வருஷம் வண்டிக்குப் புதுசாகத் தோல் கூரை போட்டிருந்தார்கள். வேண்டும்போது தூக்கி விடலாம், வேண்டாதபோது மடித்துப் பின்னால் சாய்த்துவிடலாம். என் புருஷன்தான் குதிரைக்காரர். தினமும் அந்தத் தோலுக்கு எண்ணெய் தடவுவார். எங்கள் பிள்ளை தலையில் எண்ணெய் வைக்க மட்டும் அவருக்கு ஒரு நாளும் நேரம் கிடைத்ததில்லை.

பிள்ளைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. "இங்க வச்சிருந்தா தாங்காது, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று கையை விரித்தார் தோட்டத்து டிஸ்பென்சர். தொரை காரைத் தரவில்லை. வண்டியைத் தந்தார். பெரிய மனசு!

"கூரை தூக்க வேணாம். மழைத் தண்ணி பட்டா தோல் கெட்டுப் போகும்" என்றார் தொரை.

"சரிங்க தொரை" என்றார் இவர்.

பொகவந்தலாவை ரோட்டில் பாதி வழிகூடப் போகவில்லை, மழை கொட்டத் தொடங்கியது. கம்பளியைச் சுற்றிப் பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டேன். கம்பளி ஊறிக் கனத்தது. அந்தக் கூரை மட்டும் எனக்குப் பின்னால் மழை ஒட்டாத படங்குத் துணியைப் போர்த்திக்கொண்டு சொகுசாகக் கிடந்தது.

"என்னாங்க, அதத் தூக்கி விடுங்க. புள்ள நனையுது."

"தொரை வேணாம்னு சொல்லியிருக்காரு."

"தொரை என்னா இங்க வந்தா பாக்குறாரு?"

"வேல போனா நாம குடியிருக்குற லயக்காம்பராவும் போயிரும். வாயப் பொத்திக்கிட்டு வா."

நானே எழுந்து படங்கை இழுத்தேன். சாட்டைக் கம்பால் என் புறங்கையில் ஓங்கி ஒரு போடு போட்டார். அட பாவி மனுஷா! குதிரையைக்கூட அவர் அப்படி அடித்ததில்லை.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. இப்படி நனைய விட்டா கொண்டுவருவீர்கள் என்று டாக்டர் எங்களைத் திட்டினார். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மழை விட்டிருந்தது. அதே வண்டியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம். லயத்தில் என்னை இறக்கிவிடுவார் என்று பார்த்தால், நேரே பங்களாவுக்கு ஓட்டினார். தொரை வெளியே வந்து படங்கை விலக்கி, கூரையின் மடிப்புக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். சொட்டு ஈரம் இல்லை.

"நல்லது" என்றார்.

என் புருஷன் பல்லெல்லாம் தெரியச் சிரித்து சலாம் வைத்தார். மடியில் கிடந்த பிள்ளையைப் பற்றித் தொரை கேட்கவும் இல்லை, இவர் சொல்லவும் இல்லை.