வலது சிறகின் கடைசித் தாள்

ஆரியசாலையில் எங்கள் கடைக்குக் கயிறும் தார்ப்பாயும் வாங்க வருகிறவர்களிடம் அப்பா கொஞ்ச காலம் ஒரு வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தார். கடலுக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் ஒரு பாய்மரப் படகு பறந்து போகும். தண்ணீரைத் தொடுவது அதன் பக்கவாட்டிலிருந்து இறங்கும் மெல்லிய சிறகு ஒன்றும், பின்னால் சுக்கானும் மட்டும்தான். "இது எம் மவன் செஞ்சதாக்கும்" என்பார். வந்தவர் கயிற்றை மறந்துவிட்டு என்னைப் பார்ப்பார். நானும் தார்ப்பாய்க் கட்டில் சாய்ந்துகொண்டு அடக்கமாகச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் போகிற வழியில் எங்காவது என்னை நானே நல்லவனாக்கிக்கொண்டுவிடுவேன். அந்தப் படகின் வலது சிறகு என் தவறால் கெட்டது. பழியை இன்னொருவர் தலையில் கட்டினேன். அவருக்கு வேலை போயிற்று, எனக்குச் சம்பள உயர்வு வந்தது.

எனக்கு நீச்சல் தெரியாது. கடல் என்றால் சங்குமுகத்தில் வேர்க்கடலை கொறித்தபடி பார்ப்பது. வேளி காயலில் கால்மிதி படகில் ஒருமுறை ஏறி, கரை வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தவன். அப்படிப்பட்டவன் உலகப் போட்டிக்குப் போகும் படகுக்குச் சிறகு செய்தேன் என்றால், அதற்குக் காரணம் கடல் அல்ல, ராக்கெட். எங்கள் நிறுவனம் ராக்கெட்டுகளுக்குக் கார்பன் பாகங்கள் செய்துகொடுக்கும் சிறிய இடம். பெரிய அணிகளிடம் சொந்தப் பட்டறையே இருக்கும். எங்களைத் தேடி வந்தது ஒரு சின்ன நாட்டின் சின்ன அணி. ராக்கெட்டுக்குச் செய்கிறவர்கள் படகுக்குச் செய்யமாட்டார்களா என்று நம்பி வந்தார்கள்.

சிறகின் வடிவத்தை அவர்களுடைய வடிவமைப்பாளர் வரைந்து அனுப்பினார். அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி, குரலை உயர்த்தாமல் பேசுவார். சிறகுக்குள்ளே கார்பன் நார்கள் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது என் வேலை. கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும், ஆனால் உயிர் அங்கேதான். படகு வேகம் எடுக்கும்போது தண்ணீர் சிறகை மேல்நோக்கித் தள்ளும், சிறகு வளையும். நார்களைக் கொஞ்சம் முன்பக்கமாகச் சரித்து வைத்தால், சிறகு வளையும்போதே அதன் முன்விளிம்பு தானாகச் சற்றுக் கீழே தாழும். அதிகப்படியான தள்ளல் வழிந்துபோய்விடும், படகு அமைதியாகப் பறக்கும். நார் பின்பக்கமாகச் சரிந்தால் எல்லாம் தலைகீழ். வளைய வளைய முன்விளிம்பு நிமிரும், நிமிர நிமிரத் தள்ளல் கூடும். மழைக்காற்றில் குடையைத் தாழ்த்திப் பிடிப்பதற்கும் நிமிர்த்திப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

படகுக்கு இரண்டு சிறகு. காற்று வலப்பக்கமிருந்து வந்தால் இடது சிறகை இறக்குவார்கள், இடப்பக்கமிருந்து வந்தால் வலது சிறகை. இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். இடது சிறகை வார்க்கும் அச்சைக் கணினியில் ஒரு பொத்தானை அழுத்திப் பிம்பமாகத் திருப்பினேன், வலது சிறகின் அச்சு வந்துவிட்டது. நார்களின் கோண அட்டவணை தனித் தாள், பட்டறையில் அதைத்தான் டிராயிங் என்போம். அதைப் படி எடுத்துத் தலைப்பில் 'இடது' என்றிருந்ததை 'வலது' என்று மாற்றினேன். கோணங்களைத் திருப்ப மறந்துவிட்டேன். அறுபத்துச் சொச்சம் அடுக்குகளும் அப்படியே நின்றன.

அடுக்குகளை ஒட்டியவர் போனக்காட்டிலிருந்து வந்தவர். என் வயதுதான் இருக்கும். அவருடைய அம்மா அங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர். தோட்டம் முடங்கிய பிறகும், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த, ஒழுகுகிற அந்த லைன் வீட்டில்தான் இருந்தார். இவர் ஐ.டி.ஐ. முடித்து, தம்பானூரில் ஒரு மகளிர் விடுதியில் தங்கி நான்கு வருடமாக எங்களிடம் ஒப்பந்த வேலை பார்த்தார். அடுத்த மாதம் நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனதும் இங்கே ஒரு வீடு பிடித்து அம்மாவை மழைக்கு முன்னால் கூட்டிவந்துவிட வேண்டும் என்று எல்லோரிடமும் வீடு விசாரித்துக்கொண்டிருந்தார். என்னிடமும் விசாரித்தார். ஆரியசாலையில் பார்க்கிறேன் என்று சொன்னேன், பார்க்கவில்லை.

கார்பன் நாடா பசையோடு வரும். அதன் ஒரு பக்கத்தில் ஒரு பாதுகாப்புத் தாள் இருக்கும். ஒவ்வோர் அடுக்கையும் ஒட்டியதும் அந்தத் தாளை உரித்து, அடுக்கின் எண்ணையும் நாரின் திசைக்கு ஓர் அம்புக்குறியையும் எழுதிப் பலகையில் வரிசையாக ஒட்டிவைப்பார்கள். தாள் ஒன்று உள்ளேயே தங்கிவிட்டால் அந்த இடத்தில் சிறகு பிளந்துவிடும். அதனால் கடைசியில் மேற்பார்வையாளர் தாள்களை எண்ணிப் பார்த்து, கடைசித் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சிறகு பசையை இறுக வைக்கும் அடுப்புக்குப் போகும். அந்த மேற்பார்வையாளர் நான்.

வலது சிறகு தொடங்கிய அன்று காலையில், நான்காவதோ ஐந்தாவதோ அடுக்கில், அவர் கையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஸாரே, ஒரு சம்சயம். இடதுக்குப் போட்ட அதே சரிவுதான் இதுலயும் இருக்கு. அச்சு எதிர்ப்பக்கம் அல்லே? அப்ப நாரு முன்பக்கம் போகாம பின்பக்கமால்லா போகுது."

சிறகுகளை அனுப்பும் பெட்டி விமானம் ஏற எட்டு நாள்தான் இருந்தது. நான் அச்சைக்கூடப் பார்க்கவில்லை.

"டிராயிங்ல எப்படி இருக்கு?"

"இப்படித்தான் இருக்கு."

"அப்ப அப்படியே ஒட்டு. யோசிக்கிறதுக்கு நாங்க இருக்கோம். இது ஒண்ணும் தேயிலை கிள்ளுற பணி இல்ல."

பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அது உண்மை. அவர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த அடுக்கை எடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் தாள்களை எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். பிறகு சிறகின் நுனியில் மணல்மூட்டை தொங்கவிட்டுச் சோதித்தோம். இடதும் வலதும் ஒரே அளவு தாழ்ந்தன. வளையும்போது முன்விளிம்பு எந்தப் பக்கம் திருகுகிறது என்ற முறுக்கை இடதுக்கு மட்டும் அளந்தோம். வலதுக்கும் அளக்கவா என்று கேட்டார்கள். ஜோடிதானே, எதற்கு என்றேன்.

போட்டியை அலுவலகச் சுவரில் பெரிய திரையில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். ஏத்தங்காய் வறுவல் தட்டுத் தட்டாக வந்தது. அவரும் மற்றத் தொழிலாளர்களோடு பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தார். முதல் ஓட்டத்தில் இடது சிறகு இறங்கியிருந்தது, படகு இஸ்திரி போட்ட மாதிரி நேராகப் போயிற்று. கைதட்டினோம். மிதவையைச் சுற்றித் திரும்பியதும் வலது சிறகு இறங்கிற்று. படகின் மூக்கு லேசாகத் தூக்கிற்று, இன்னும் தூக்கிற்று. 'பின்பக்கமால்லா போகுது' என்ற குரல் எனக்குள் அப்போதே கேட்டுவிட்டது. சிறகு தண்ணீரை விட்டு வெளியே வந்தது. படகு தலைகுப்புற விழுந்தது. பாய்க்கயிறு பிடித்திருந்த பெண் தூக்கி எறியப்பட்டாள். அவளுக்குக் காறை எலும்பு முறிந்தது என்று பிறகு சொன்னார்கள். அந்த அணிக்குப் போட்டி அத்தோடு முடிந்தது.

நான் திரும்பி அவரைப் பார்க்கவில்லை. இடத்துக்குப் போய் இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே எண்கள். அப்போது எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகக் கதவைச் சாத்திக்கொண்டு, வலது அட்டவணையில் எல்லாக் கோணங்களையும் திருப்பி, பழைய பெயரிலேயே சேமித்தேன். பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்த பழைய அட்டவணைப் பிரதியைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். எல்லாம் பத்து நிமிட வேலை.

இரண்டு நாள் கழித்து வீடியோ அழைப்பு. விழுந்ததில் முறிந்த சிறகை அந்த அணியினர் அறுத்துப் பார்த்துவிட்டார்கள். நார் தவறான திசையில் ஓடுகிறது என்று வடிவமைப்பாளர் அமைதியாகச் சொன்னார். தவறு வரைபடத்திலா, அடுக்கியதிலா என்று மட்டும் கேட்டார். எங்கள் முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுக்கியதில்" என்றேன்.

அடுக்குகளை ஒட்டியவரைக் கூப்பிட்டார்கள். உட்காரச் சொல்லவில்லை. முதலாளி மலையாளத்தில், "எந்தா சம்பவிச்சது?" என்றார்.

"டிராயிங்கில் உள்ளது போலெயே வெச்சது, ஸாரே."

முதலாளி வரைபடத்தை அவர் பக்கம் தள்ளினார். நான் திருத்திய வரைபடம். அவர் விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை ஒவ்வோர் எண்ணாகப் படித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் வேறொன்றும் பேசவில்லை. என்ன கேட்டும் பேசவில்லை. இருபது நிமிடம் நின்றார். பேசாததையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொண்டார்கள். அந்த மாதக் கடைசியோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது.

அப்பாவிடமும் அதே கதையைத்தான் சொன்னேன். "வேலக்காரங்கள நம்பினா இப்படித்தாம்டே" என்று அவர் எனக்காக வருத்தப்பட்டார். எனக்கு யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம் என்றிருந்தது. ஆனால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

இரண்டு வருடம் போயிற்று. பண்டகசாலையை இடம் மாற்றும்போது பழைய பெட்டிகளை வேண்டும், வேண்டாம் என்று பிரிக்கும் வேலை என்னிடம் வந்தது. வலது சிறகின் உரித்த தாள்கள் ஒரு பெட்டியில் இருந்தன. அவற்றைப் பற்றி எனக்குப் பயம் இருந்ததில்லை. அம்புக்குறிகள் தவறான திசையைத்தான் காட்டும், அது என் பொய்க்கே சாட்சி என்று நினைத்திருந்தேன். எறிவதற்கு முன் சும்மா புரட்டினேன். கடைசித் தாளில் அம்புக்குறிக்குக் கீழே பொடி எழுத்தில், தமிழில், ஒரு வரி இருந்தது. 'திசை மாறியிருக்கு என்று ஸாரிடம் கேட்டேன். இப்படியே ஒட்டச் சொன்னார்.' அதற்கு நேர் கீழே என் கையெழுத்து. எண்ணிப் பார்த்தவன் படித்துப் பார்க்கவில்லை.

பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் விழிஞ்ஞம் போகிற வழியில் ஒரு பட்டறையில், மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் ஒட்டும் வேலை பார்க்கிறார் என்று ஒரு பழைய தொழிலாளி சொன்னார். அந்தத் தாளை ஒரு கவரில் போட்டுக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் முகமூடியை இறக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல, "ஸாரா? சாயா குடிக்கிறீங்களா?" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்றேன்.

"அங்கதான். அந்த வீட்டுலதான். போன மழையில ஒரு பக்கம் சொவரு விழுந்துச்சு."

கவரை நீட்டினேன். பிரித்துப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"இது இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" நான்கு வருடம் நீ என்றே கூப்பிட்டவரை அன்றுதான் முதல்முறையாக நீங்கள் என்றேன்.

"நான் எழுதினதல்லே ஸாரே? நீங்க ஒப்பு போட்டதும் கண்டேன்."

"அப்ப அன்னிக்கு ஏன் சொல்லல? பெட்டியைத் திறந்து பாருங்கன்னு ஒரு வார்த்தை..."

"நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேன்" என்றார். "அவ்வளவு நேரம் நின்னேன் அல்லே. ஒரு மனுசன் கண்ணு முன்னாடி இப்படிச் செய்வாருன்னு எனக்குத் தோணல. வெளியில வந்தப்புறம் சொல்லவும் பிடிக்கல."

மன்னிப்புக் கேட்டேன். பாதியில் அழுதும்விட்டேன். அவர் கவரை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இதை எங்கிட்ட எதுக்குக் கொண்டாந்தீங்க? எனக்குத் தெரிஞ்சதுதானே. தெரியாதவங்ககிட்ட கொண்டு போங்க."

பதினொரு நாள் அந்தக் கவர் என் மேசையில் கிடந்தது. பன்னிரண்டாம் நாள் தாளைப் படமெடுத்து, நடந்ததையெல்லாம் எழுதி முதலாளிக்கும் அந்த வடிவமைப்பாளருக்கும் அனுப்பினேன். முதலாளி அறைக்குக் கூப்பிட்டு, முடிந்துபோன விஷயத்தைக் கிளறுகிறாயே என்று கத்தினார். வேலையை விட்டுவிட்டேன். அப்பாவிடமும் சொன்னேன். அவர் கடையில் அந்த வீடியோவைக் காட்டுவதை நிறுத்திவிட்டார்.

வடிவமைப்பாளரிடமிருந்து மூன்று வரியில் பதில் வந்தது. காயம்பட்ட பெண் மறுபடி படகேறிவிட்டாள் என்று முதல் வரி. என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. உங்கள் பழைய அறிக்கையில் 'தொழிலாளி' என்று மட்டுமே இருக்கிறது, அவர் பெயர் என்ன, நான் அவருக்கு எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்.

பெயரைக் கொடுக்கலாமா என்று பட்டறைக்குப் போன் செய்து கேட்டேன். பின்னால் உரசல் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அவங்களுக்குக் குடுங்க. அவங்க கேட்டாங்கல்லே."

சரி என்றேன். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். எந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி பேசினார்.

"வேற எங்கயும் எம்பேரை எழுதாதீங்க ஸாரே. எம்பேரைச் சொல்லிச் சொல்லி நீங்க நல்லவராக வேண்டாம்."

அதற்கும் சரி என்றேன். இதில் அவர் பெயர் இல்லாததற்கு அதுதான் காரணம்.