வானொலியில் வந்த என் ‘ஓம்’

எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் காலைச் செய்தி கேட்காமல் தேநீர் தொண்டைக்குள் இறங்காது. செய்தி வாசிக்கும் அந்தத் தம்பிக்கு அப்படியொரு குரல். ‘இன்று நல்ல வெயில்’ என்று அவர் சொன்னால்கூட நான் பயந்து படலையைச் சாத்துவேன்.

ஒருநாள் அவர் ஏதோ புதிய சட்டமூலம் பற்றி வாசித்தார். பெருந்தெருவில் மாடு திரிந்தால் சொந்தக்காரருக்குத் தண்டம், அவ்வளவுதான் விஷயமாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அவர் வாசித்ததோ, “கட்டாக்காலி மாடுகளுக்கு எதிரான போர்! சுற்றிவளைப்புக்குத் தயாராகிறது அரசு! உங்கள் வீட்டு மாடு தப்புமா?” பின்னால் திடும் திடுமென்று ஒரு சத்தம் வேறு.

கிளிநொச்சியில் இருப்பவர்களிடம் இப்படிச் சொற்களை அள்ளி வீசலாமா?

பக்கத்து வளவிலிருந்து மச்சாள், என் மனுசனின் தங்கச்சி, ஓடி வந்தாள்.

“மச்சாள், கேட்டனீங்களே? வீடு வீடா வந்து மாட்டைப் பிடிக்கப் போறாங்களாம்!”

“அப்பிடியே சொன்னவர்?”

“அந்தக் குரலைக் கேட்டா வேற என்னவாம்? அவிட்டு விடுங்கோ!”

யுத்தத்தில் இடம்பெயர்ந்த காலத்தில் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது நாங்கள் எல்லோரும் முதலில் மாட்டைத்தான் அவிழ்த்து விட்டோம். கட்டிக் கிடந்தால் பட்டினியில் செத்துப்போகும். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. என் மாடோ நிறைமாதச் சினை. நான் கதைப்பதைக் குறுக்கே பேசாமல் கேட்கிற ஒரே சீவனும் அதுதான். அவிழ்த்து விட்டேன். அது போகாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. மச்சாள் விளக்குமாற்றால் துரத்தினாள்.

ஊர் முழுக்க அதே வானொலிதான், எல்லோர் கைக்கும் அதே பழக்கம்தான். மத்தியானம் ஏ9 வீதியில் மாடுகளைத் தவிர எதுவும் அசையவில்லையாம். ஒரு லொறி அடித்தால் தாயும் போச்சு, வயிற்றுக் கன்றும் போச்சு. ஓடினேன். மச்சாள் பின்னால் மூச்சிரைக்க வந்தாள்.

“நான் அப்பவே சொன்னனான், அவிழ்க்க வேண்டாமெண்டு!”

என் மாடு யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸின் முன்னால் சொகுசாகப் படுத்திருந்தது. நடத்துநர் அதன் கழுத்தில் கயிறு போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்.

“இது ஆரின்ரை மாடு?” என்று கத்தினார்.

ஊரே வானத்தைப் பார்த்தது. என்னுடையது என்றால் தண்டமோ, மறியலில் அடைப்பார்களோ, யார் கண்டது? மச்சாள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். “வாயைத் திறவாதேங்கோ!”

அவர் இன்னொரு இழுவை இழுத்தார். மாடு முக்கியது. எனக்குப் பொறுக்கவில்லை.

“என்ரை மாடு! மறியலுக்கெண்டா என்னையும் ஏத்துங்கோ. வயித்துப்பிள்ளைக்காரி, கயித்தை விடுங்கோ!”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்ன மறியல், அம்மா? அந்தச் சட்டம் இன்னும் வரவேயில்லை. பஸ்ஸுக்கு வழி விட்டாக் காணும்.”

அதற்குள் மைக்கோடு ஒரு இளைஞர் வந்தார். வானொலிக்காரராம். “அம்மா, மாடுகளாலை எவ்வளவு கரைச்சல்! இப்பிடி ஒரு சட்டம் வேணுந்தானே?”

“ஓம், ஓம், தள்ளி நில் ராசா, மிதிக்கப் போகுது!”

பின்னேரச் செய்தியில் திடும் திடும். “கட்டாக்காலிகளால் முடங்கியது ஏ9! சட்டத்தை வரவேற்கிறார் கிளிநொச்சித் தாய்!” அடுத்து என் குரல்: “ஓம், ஓம்.” ராசாவையும் மிதிப்பதையும் எங்கே விட்டார்களோ!

மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்கள் சொன்னது சரி, மச்சாள். அந்தச் சட்டம் வரத்தான் வேணும்.”

“நீ பக்கத்திலைதானே நிண்டனீ? நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?”

“நிண்டனான்தான். எண்டாலும் ரேடியோவிலை சொல்லிப்போட்டாங்களெல்லோ!”

அடுத்த செய்தியிலும் அதையே போட்டார்கள். அவ்வளவு முழக்கத்துக்குப் பிறகு என் குரல் என்ன கம்பீரமாக வந்தது! சும்மா சொல்லக்கூடாது, இரண்டாம் தரம் கேட்டபோது எனக்கும் அது நல்ல சட்டமாகத்தான் பட்டது. எழும்பிப்போய் மாட்டுக்கு இன்னொரு கயிறு போட்டுவிட்டு, மூன்றாம் தரம் கேட்க வந்து உட்கார்ந்தேன்.