மாடிப்படியில் ஒரு மாணவி

போன வியாழக்கிழமை மாலை, டியூஷன் விடும் நேரம். மகனை அழைத்துப்போக ஜெயராஜ் சார் வீட்டு வாசலில் காத்திருந்தேன்.

திண்டுக்கல்லில் பத்தாவது படிக்கும் பிள்ளையைப் பெற்ற யாருக்கும் ஜெயராஜ் சாரைத் தெரியும். கணக்குப் புலி. மொட்டைமாடிக் கொட்டகையில் நாற்பது பிள்ளைகள். எரியோட்டிலிருந்துகூட பஸ் ஏறி வருகிறார்கள்!

அவர் மகள் ஸ்டெல்லாவும் பத்தாவதுதான். ஆனால் அவளுக்குக் கணக்கு டியூஷன் வேறொரு சாரிடம். இங்கே டியூஷன் வாத்தியார்களுக்குள் அப்படி ஒரு வழக்கம்... உன் பிள்ளை என்னிடம், என் பிள்ளை உன்னிடம். ஜெயராஜ் சாரைக் கேட்டால், "சொந்தப் பிள்ளைன்னா கோவந்தான் சார் வருது" என்பார்.

திடீரென்று அவர் மனைவி பதறிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, அந்த சார் போன் பண்ணாரு. பாப்பா நாலு நாளா அங்க வரலையாம்! இவுகள செத்த கூப்பிடுங்க."

நாலு நாளா? வயசுப் பெண் எங்கே போயிருப்பாள்? வெளிப்பக்க மாடிப்படியில் ஓடினேன்.

படி திரும்பும் இடத்தில் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். மடியில் கணக்கு நோட்டு. மேலே கொட்டகையிலிருந்து அவள் அப்பாவின் குரல் — "புரியலையாப்பா? பரவால்ல, இன்னொருக்கா போடுவோம்."

"இங்க என்ன பாப்பா பண்ற?"

"அப்பா இவங்களுக்கெல்லாம் பொறுமையாச் சொல்லிக் குடுக்காங்க மாமா. எங்கிட்ட மார்க்கு மட்டுந்தான் கேப்பாங்க. சொல்லிராதீங்க மாமா..."

நான் சொல்லிவிட்டேன். விஷயம் தெரிந்தால் மனிதர் உருகிப்போவார், கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவார் என்று நம்பினேன். எனக்கு எப்போதுமே அவசரம்.

ஜெயராஜ் சார் படிக்கு இறங்கி வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நோட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்:

"அங்க நாலு நாள் போர்ஷன் போயிருச்சே!"

அவள் அழவில்லை. எழுந்து, பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு கீழே போனாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

என் மகனை அந்த டியூஷனிலிருந்து நிறுத்தினேனா? இல்லை. பப்ளிக் எக்ஸாம் நெருங்குகிறதே!

இந்த வாரம் போனபோது பார்த்தேன். மாடிப்படிக்குப் புதிதாகக் கம்பிக் கதவு போட்டிருக்கிறார் சார். பிள்ளைகள் மேலே ஏறியதும் பூட்டிவிடுகிறார்களாம்.

எங்கள் ஊரில் பூட்டுக்கா பஞ்சம்?