சி.பி.யு.வை மடியில் வைத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்கு

2004 ஆவணி மாதம். ஒரு புதன்கிழமை காலை ஆறரை மணிக்குக் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் சென்னை வண்டி ஏறினோம். நானும் என் மனைவி செல்வியும். கூடவே பழைய போர்வையில் சுற்றிய எங்கள் ஸ்டுடியோ சி.பி.யு.வும்.

கண்டக்டர் போர்வையை அமுக்கிப் பார்த்து, என்ன சாமான் என்று கேட்டார். கம்ப்யூட்டர் என்றதும் மேலே கம்பித் தட்டில் வைக்கச் சொன்னார். செல்வி ஒப்பவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டாள். எங்களுக்கு ஆளுக்கு இருபத்திரண்டு ரூபாய், அதற்கு ஒரு அரை டிக்கெட்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் ஸ்டுடியோ. கல்யாணங்களுக்குக் கேமரா பிடிப்பது நான். எடுத்த டேப்புகளை வெட்டிச் சேர்த்து, பாட்டுப் போட்டுப் படமாக்குவது செல்வி. எங்கள் தொழிலில் அதற்கு மிக்ஸிங் என்று பெயர். பக்கத்து ஏனாத்தூர் காலேஜில் படித்த காலத்தில் அவள் கம்ப்யூட்டர் பழகியவள். அப்போது எங்கள் ஊர் ஸ்டுடியோக்களில் பலவும் மிக்ஸிங்குக்கு டேப்பைச் சென்னைக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தன.

எங்களிடம் இருந்தது ஒரே மானிட்டர். டேப்பிலிருந்து ஏற்றிய காட்சிகளை வரிசையாக அடுக்கி வெட்டுகிற பட்டைகளே திரையை அடைத்துக்கொள்ளும். படம் ஒரு மூலையில் தீப்பெட்டி அளவில் ஓடும். கூரம் பக்கத்து நெல் வியாபாரி தரணேந்திரன், சமண நயினார் குடும்பம், தன் மகள் கல்யாணத்துக்கு மூன்று கேமரா வைக்கச் சொல்லியிருந்தார். கல்யாணம் முடிந்து, மிக்ஸிங் எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தவர், அந்தத் தீப்பெட்டியைக் குனிந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டும் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதம்மா. இதுல எனக்கு ஒண்ணும் தெரியல. மெட்ராஸ்ல குடுத்துக்கறேன்" என்றார்.

செல்வி ஞாயிற்றுக்கிழமை வரை அவகாசம் கேட்டாள். அரை மனதோடு தலையாட்டிவிட்டுப் போனார். அந்தக் கல்யாணம் கையை விட்டுப் போனால், அவருடைய உறவுக்காரர்கள் வீட்டு விசேஷங்களும் சேர்ந்து போய்விடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இரண்டாவது மானிட்டரை என் மைத்துனனிடம் வாங்கிவிட்டோம். ஆனால் எங்கள் கிராபிக்ஸ் கார்டில் மானிட்டர் மாட்ட இடம் ஒன்றுதான். இரண்டுக்கும் படம் அனுப்பும் கார்டு வேண்டும். நம் பெட்டியில் மாட்டி, ஓடுவதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று செல்வி பிடிவாதமாக இருந்ததால்தான் சி.பி.யு.வும் பயணப்பட்டது.

ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி ஆட்கள் ஏறி நெருக்கினார்கள். பூந்தமல்லி தாண்டியதும் வண்டி ஊர்ந்தது. எழுபத்தைந்து கிலோமீட்டரைக் கடந்து கோயம்பேட்டில் இறங்கியபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. அங்கிருந்து ரிச்சி தெருவுக்கு ஆட்டோ, எண்பது ரூபாய்.

போகாதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு குறுகலான தெரு. இரண்டு பக்கமும் மாடி மாடியாகக் கடைகள். வயர், ஸ்பீக்கர், மதர்போர்டு, உரித்துப் போட்ட டி.வி.யின் வயிறு, எல்லாம் வாசலிலேயே தொங்கும். கொஞ்சம் நின்றால் யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்டுவிடுவார்கள்.

முதல் கடையில் இருந்த விற்பனையாளர் பதினான்காயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு கார்டை எடுத்து வைத்தார். உள்ளங்கை அகலத்துக்கு விசிறி, டப்பாவின் மேல் வாள் பிடித்த வீரன். எனக்கு அதன் கனமே பிடித்துவிட்டது.

"இதுக்கு மேல கார்டே கெடையாது மேடம். எந்த கேமா இருந்தாலும் பறக்கும்."

"நான் கேம் ஆட வரலபா. எனக்கு ரெண்டு மானிட்டர்லயும் வீடியோ ஓடணும்" என்றாள் செல்வி.

அந்தக் கல்யாணத்தின் சில நிமிடங்களை ஒரு சி.டி.யில் போட்டு எடுத்து வந்திருந்தாள். கடை மேசையிலேயே பெட்டியைத் திறந்து கார்டைச் செருகி, கடையில் இருந்த இரண்டு மானிட்டர்களை இணைத்தார்கள். முதல் திரையில் படம் ஓடியது. இரண்டாவது திரைக்கு நகர்த்தியதும் கறுப்பாகிவிட்டது. விற்பனையாளர் எதையோ மாற்றினார். இரண்டாவதில் படம் வந்தது, முதலாவது கறுத்தது. அவர் அலுக்காமல் இன்னும் இரண்டு மூன்று விதமாக முயன்றார். கேமுக்கு வாங்குகிறவர்கள் யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றார்.

"பரவால்லபா. ஒண்ணுல வந்தா இன்னொண்ணுல போவுது. எனக்கு ரெண்டும் ஒரே நேரத்துல வேணும்" என்று செல்வி எழுந்துவிட்டாள்.

அப்புறம் இன்னும் இரண்டு கடைகள் ஏறி இறங்கினோம். வெயிலில் சி.பி.யு.வைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன், அவள் கேள்விகளோடு முன்னால் நடந்தாள். நான்காவது கடை ஒரு மாடியில். கடைக்காரர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, விசிறியே இல்லாத ஒரு சின்ன கார்டைக் கொண்டுவந்தார். ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய். பார்க்க ஏழையாக இருந்தது.

மாட்டினார்கள். முதல் திரையில் வெட்டுப் பட்டைகள், அதன் மூலையில் சின்னப் படம். இரண்டாவது திரை முழுக்கப் பெண்ணின் அரக்குச் சேலை. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடின. செல்வி உடனே தலையாட்டிவிடவில்லை. படத்தை முன்னும் பின்னும் இழுத்தாள். சேலையின் உடலும் கரையும் சேரும் கோர்வைக் கோடு கலங்காமல் நிற்கிறதா என்று மூக்கு இடிக்கும் அளவுக்குப் போய்ப் பார்த்தாள். ஒரு திரையில் அரக்கு, மற்றதில் கத்தரிப்பூவாகத் தெரிந்தது. ஒவ்வொரு மானிட்டருக்கும் தனியாக நிறம் திருத்த முடியுமா என்று கேட்டாள். கடைக்காரர் காட்டிக்கொடுத்தார். அவளே திருத்தினாள். பெட்டியில் இருக்கும் பவர் சப்ளை இந்தக் கார்டுக்குப் போதுமா என்பதையும் கேட்ட பிறகுதான் என் பக்கம் திரும்பி, "இது போதுங்க" என்றாள்.

திரும்பும்போது ஒரு நிமிடம் தெருமுனையில் நின்று பார்த்தேன். எங்கள் ஊர் காந்தி சாலைப் பட்டுக் கடைகளைவிட இங்கே சத்தம் அதிகம், இடம் குறைவு. ஆனால் என்ன வேண்டும் என்று தெரிந்து வருகிறவரிடம் இரண்டு ஊர்க் கடைக்காரரும் ஒரே மாதிரிதான் மரியாதையாகப் பேசுகிறார்கள். அந்த மரியாதை அன்று என் மனைவிக்குக் கிடைத்தது. காலையில் இருந்த சி.பி.யு.வின் கனம் எனக்கு அப்போது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தரணேந்திரன் மனைவியோடு வந்தார். இரண்டாவது திரைக்கு எதிரே நாற்காலி போட்டோம். இந்த முறை அவர் குனியவில்லை, சாய்ந்து உட்கார்ந்தார்.

தாலி கட்டும் நேரம் வந்தது. எல்லோரும் பூ தூவும் கூட்டத்துக்குப் பின்னால், தூணோரம் ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி மேல்துண்டால் கண்ணைத் துடைக்கிறார். மூன்றாவது கேமராவின் ஓரத்தில் பதிந்திருந்தது அது. தீப்பெட்டிப் படத்தில் எங்கள் கண்ணில் பட்டதே இல்லை. பெரிய திரையில் பார்த்த அன்றே செல்வி அதைத் தனியாக வெட்டி, தாலிக்கு அடுத்து வைத்திருந்தாள்.

தரணேந்திரன் திரையில் தன்னையே பார்த்தார். அவர் மனைவி அவரைப் பார்த்தார்.

"அழுதியா நீ? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, "இது நீ புடிச்சதாப்பா?" என்றார்.

"கேமரா புடிச்சிது. நான் கவனிக்கல. கண்டுபுடிச்சது இவதான்" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் வழக்கத்தைவிட உரக்க வந்தது எனக்கே கேட்டது.

டேப்பு இங்கேயே இருக்கட்டும் என்றார். மீதியையும் கடைசிவரை பார்த்தார். முடிவில் கறுப்புத் திரையில், 'மிக்ஸிங்: செல்வி, காஞ்சிபுரம்' என்று வந்து மறைந்தது. நாங்கள் விளக்கைப் போட எழுந்தோம். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"அந்தப் பேரு சட்டுனு போயிடுது. படிக்கறதுக்குள்ள மறையுது. இன்னும் கொஞ்சம் நேரம் நிக்க வையிம்மா."

செல்வி மறுபடி மவுஸைப் பிடித்தாள். பெயர் நின்றது.