அஸருக்கு என்று காட்டிய பக்கம்

கள்ளக்குறிச்சியில் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்துப் பிழைக்கிறவன் அஷ்பாக். ஜமாஅத்துக்கும் ஒன்று செய்து கொடுத்தான். ஊரில் யாராவது மவுத்தானால், அடக்கம் எந்தத் தொழுகைக்குப் பிறகு என்று அதில் வரும். "இனிமே ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக்கினு இருக்காதீங்க, இதப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று பள்ளிவாசல் மோதினாரிடம் பெருமையடித்ததும் அவன்தான்.

கல்வராயன் மலையில் ஊர் ஊராகத் துணி விற்கும் அப்துல் ஜப்பார், மேலே சிக்னலே நிற்பதில்லை என்று குறைப்பட்டார். அவருக்காகத்தான் மெனக்கெட்டு, ஒருமுறை திறந்த பக்கம் போனிலேயே தங்கும்படி செய்தான். வினை அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

சித்திரை வெயில் காலத்தில் ஒரு விடிகாலை சுஐப் பாய் இறந்துபோனார். ஜப்பாரோடு சிறுவயதிலிருந்து துணிமூட்டை சுமந்தவர். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று போட்டான் அஷ்பாக். வெயிலுக்கு மையத்து தாங்காது என்று வீட்டார் சொன்னதும் பகல் லுஹருக்கு மாற்றினான். அதுவரை யாருடைய நேரமும் இடையில் மாறியதில்லை. தன் போனில் பார்த்தான், சரியாக வந்தது. வேலைக்காகப் பழைய பக்கங்களைத் தினமும் அழிக்கிற போன் அது, அதில் வராமல் எங்கே போகும்!

ஜப்பார் மலையிறங்கி வந்தபோது கபர்ஸ்தானில் மண் தள்ளி முடித்திருந்தார்கள்.

"அஸருக்குன்னுதானே பா போட்டிருந்தே? வெள்ளிமலைல கிளம்பும்போதும் பாத்தேனே" என்று போனை நீட்டினார். அதில் இன்னும் அஸர் என்றே இருந்தது.

அஷ்பாக்குக்குப் புரிந்துவிட்டது. புதியது வந்தால் பழையதைத் தள்ளிவிடு என்று போனுக்குச் சொல்லும் வரியை அவன் எழுதவே இல்லை. ஜப்பார் மாமு எத்தனை முறை திறந்திருந்தாலும் காலையில் பார்த்ததைத்தான் பார்த்திருப்பார். அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து அந்த வரியைச் சேர்த்தான்.

"இப்போ சரியா காட்டுது மாமு" என்றான். சொன்ன பிறகுதான் எவ்வளவு கேவலமான பேச்சு என்று உறைத்தது.

ஜப்பார் போனைப் பார்க்கவில்லை. ஈரமண்ணைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"மூஞ்சிய ஒரு தரம் பாத்திருப்பேன் பா." எழுந்து, கையைத் துடைக்காமலே சொன்னார். "நான் மவுத்தானா இதுல போடாத. மலையில யாரு இருந்தாலும் ஆள அனுப்பிச் சொல்லு."