கடைசி வால்வு

போன சனிக்கிழமை கனடாவின் லவாலில், என் மனைவியின் தம்பி யோகன் வீட்டில் தேநீர். ஆளின் முகம் சரியில்லை.

உணவுக் களஞ்சியம் ஒன்றில் குளிரூட்டி மெஷின் பார்க்கும் வேலை அவனுக்கு. திங்கட்கிழமை, நிறுத்திய மெஷினைத் தனியாகத் திரும்ப ஓடவைத்துக் காட்டவேண்டும். தவறினால் வேலை நிரந்தரமாகாது.

“பழக்கிறவர் கரீம், அல்ஜீரியாக்காரர். நல்ல மனிசன்தான் அத்தான்... ஆனா மெஷினை ஓடவைக்கத் திறக்கிற கடைசி வால்வை மட்டும் காட்டமாட்டார்.”

“ஏன்?”

“கட்டாரில வேலை செய்யேக்க நானே ஒருத்தருக்குக் காட்டேல்லையே!”

வளைகுடாப் பொருளாதாரம் பற்றி அலமாரி நிறையப் படித்தவன் நான். உள்நாட்டு இளைஞர்களுக்குத் தொழில் பழக்குவது, வெளிநாட்டவரை மெல்லக் குறைப்பது... திட்டங்களுக்கா குறைவு? இந்த வால்வு மட்டும் எதிலும் இல்லை.

“எந்த வருசம்?” என்றேன்.

“உங்களுக்கு வருசம் சொல்லாட்டிக் கதை இறங்காதே! அங்க உலகக் கிண்ணப் பந்தாட்டம் நடக்கிறதுக்கு முந்தின வருசம்.”

அங்கே ஒரு பெரிய கட்டடத்தில் இதே வேலை. டிப்ளோமா முடித்த ஹமட் என்ற கட்டார்க்காரரைப் பழக்கும் பொறுப்பும் இவனுக்கு. அவர் பழகிவிட்டால்? இவனுக்கு ஊருக்கு விமானச்சீட்டு! ஆகவே எல்லாம் சொல்லிக்கொடுத்தாலும், கடைசி வால்வு வரும்போது மட்டும், “ஹமட், ஓடிப்போய் டோர்ச் லைட் எடுத்து வா” என்பானாம். பாவம், அவரும் போவாராம். யோகன் கலியாணம் கட்டிக் கனடா வரும்வரை இதுதான் பாடத்திட்டம்.

திங்கள் பின்னேரம் போன் வந்தது.

“பாஸாகிட்டன் அத்தான்! விடியவே கரீம் கூப்பிட்டு அந்த வால்வையும் காட்டிப்போட்டார். உங்கட வேலை போயிடாதோ எண்டு கேட்டன். மனிசன் சிரிக்கிறார். ‘நீ பழகினாத்தானே எனக்கு லீவு! ஊருக்குப் போய் அம்மாவைப் பாக்கவேணும்’ எண்டார்.”

அங்கே, சொல்லிக்கொடுத்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே, சொல்லிக்கொடுக்காவிட்டால் ஊருக்குப் போகவே முடியாது! தொழிற்கல்வித் திட்டம் தீட்டுகிறவர்கள், கற்பிக்கிறவருக்கு அதில் என்ன கிடைக்கும் என்றும் ஒரு வரி எழுதக்கூடாதா?

மனம் உறுத்தியதோ என்னவோ, மறுநாள் யோகன் ஹமட்டுக்கு வாட்ஸ்அப்பில் அந்த வால்வை விளக்கி நீண்ட குரல்செய்தி அனுப்பினான். உடனே பதில் வந்தது.

“முதல் மாதமே கதவிடுக்கால் பார்த்துவிட்டேன், யோகன். தெரியும் என்று சொன்னால் உங்களை அனுப்பிவிடுவார்களே... டோர்ச் எப்போதும் என் பையில்தான் இருந்தது.”